ரசீது

பெயர் நான் யோசித்து வைத்ததில்லை.
வந்த அன்றே புது ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தைக்
கடித்துத் தின்றது.
கூப்பிட வேறு என்ன இருக்கிறது.

செம்மண்டலத்தில் இரண்டு அறை, ஒரு கூடம்.
எட்டிலிருந்து ஆறு வரை ஏழு பிள்ளைகள்,
ஏழு பாய், ஏழு தண்ணீர் பாட்டில்,
மூடி மட்டும் எப்போதும் ஆறு.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே
மாடிப்படிக் கதவுக்கு அந்தப் பக்கம்
ரசீது தானே போய்விடும்.
நான் தாழ்ப்பாள் போடும்வரை திரும்பிப் பார்க்காது,
வேலைக்குப் போகிறவர்களைப் போல.

"நாய் இருக்கா?" என்று கேட்கிறவர்களிடம்
"மாடி வீட்டுக்காரங்களது" என்பேன்.
மாடியில் வீடில்லை.
ஒரு தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் தகர நிழல்,
கொடியில் காயும் சின்னச் சின்னக் கால்சட்டைகள்.

யூனிஃபார்மில் வெள்ளை முடி ஒட்டியிருக்கிறதே என்று
கருவூலத்தில் வேலை பார்க்கும் அப்பா ஒருவர் கேட்டார்.
என் தலையைக் காட்டினேன்.
அந்த மாதம் முழுக்கச் சாயம் பூசவில்லை,
பொய்க்கு ஒத்தாசையாக.

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில்
ஜன்னல்களைச் சாத்துவேன்.
ரசீது மாடியில் தும்மும்.
"மாடி வீட்டுக்காரங்களுக்குச் சளி" என்பாள் சஃபியா, நாலு வயது.
நான் சொன்ன பொய்யில் அவள் குடிவைத்திருந்தவர்கள்:
ஒரு மாமா, இரண்டு சித்தி,
மீன்தொட்டி ஒன்று.

அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
தச்சரிடம் கூலி பேரம் பேசியதன் மிச்சம்.
எல்லாரும் தூங்கிய மதியங்களில்
அதை ஒட்டிக் குப்புறப் படுத்திருப்பான் ஆரோன்.
இரண்டரை வயது. என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.
ஒரு கவளத்தைக் கன்னத்தில் அடக்கி
அரைமணி நேரம் வைத்திருப்பவன்.
அங்கே மட்டும் தரையோடு உதடு வைத்து
நீளமாக ஏதோ சொல்வான்.
அந்தப் பக்கமிருந்து மூச்சு வரும்.
இந்தப் பக்கமிருந்து பாதி பிஸ்கட் போகும்.

எனக்குத் தெரியும்.
பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அவன் அம்மா ஜெசிந்தாவுக்குப் பெரியாஸ்பத்திரியில்
ஊசி போடும் அறை.
ஒரு வியாழக்கிழமை டியூட்டி மாறி மூன்று மணிக்கே வந்தாள்.
செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தாள்:
பிள்ளையின் கை மணிக்கட்டு வரை கதவுக்கு அடியில்,
அந்தப் பக்கம் நக்கும் சத்தம்.

கத்துவாள் என்று நினைத்தேன்.
அவனைத் தூக்கிப் போய்க் குழாயடியில்
முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
அவசரமே இல்லாத கழுவல்.
"அட்டை இருக்கா?"
கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள்.
"போன மாசமே போட்டிருக்கணும்."
பிறகு, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி:
"தினம் நாப்பது பேருக்குப் போடறேன்க்கா.
பாதிப்பேர் 'வீட்டு நாய்தான் சிஸ்டர்'னுதான் சொல்றாங்க."

இதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

முன்பணம் மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துக்
கையெழுத்து வாங்கினேன்.
ஓரம் கடிபட்ட அதே புத்தகம்தான் இன்னும் ஓடுகிறது.
பல்தடத்தின் மேல் அவள் விரல் சற்றே நின்றது.
போகும்போது ஆரோன் கையாட்டினான்,
எனக்கில்லை.

மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு வந்து
வாசலில் எழுதி ஒட்டினேன்:
இந்த வீட்டில் நாய் உண்டு. பெயர் ரசீது.
கீழே தேதி.
இன்னும் ஒரு பிள்ளை நின்றது.
கருவூலத்து அப்பா வாசித்துவிட்டு
என் தலையைப் பார்த்தார், சிரித்தார்,
பிள்ளையை உள்ளே விட்டார்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால்
ரசீது பாய்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு போகும்.
ஐந்து முடிந்ததும் திரும்பி வந்து
இடைவெளிக்கு இந்தப் பக்கம், அவன் படுத்த இடத்தில்,
மூக்கைப் படிப்பக்கம் நீட்டிப் படுக்கும்.

சஃபியாவுக்குத்தான் என் மேல் கோபம் தீரவில்லை.
"அப்ப அந்த மீனுக்கெல்லாம்
இனிமே யாரு சாப்பாடு போடுவா?"